மூக்கு நுனியில் வெள்ளிப் பொட்டு

(மயிலாப்பூரில் ஐப்பசி மழைக்காலத்தில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஐப்பசி பிறந்து நல்ல மழை இரண்டு கொட்டிவிட்டால், மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வட்டாரத்து வீடுகளில் தொட்டிச் சுவரிலோ கிணற்றின் உள்விளிம்பிலோ வெள்ளையாக ஒரு நுரை உருண்டை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஏதோ பூச்சிக்கூடு என்று துடைப்பத்தால் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. சோப்பு நுரை என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்களும் உண்டு. அது மரத்தவளையின் கூடு. உள்ளே சில நூறு முட்டைகள் இருக்கும். அந்த முட்டைகளிலிருந்து வெளிவரும் தலைப்பிரட்டையின் உடலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு படம் எல்லோரும் பார்த்திருப்போம். முட்டை, தலைப்பிரட்டை, வால் ஒட்டிய குட்டித் தவளை, பெரிய தவளை, நடுவே அம்புக்குறிகள். படத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தலைப்பிரட்டை என்பது தவளையாகக் காத்திருக்கும் அரைகுறை உயிர் என்ற எண்ணத்தை அது நம் மனத்தில் பதித்துவிட்டது. அந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை. தலைப்பிரட்டை தன்னளவில் முழுமையான விலங்கு. எந்தத் தண்ணீரில் அது வாழ்கிறதோ, அந்தத் தண்ணீருக்கென்றே அமைந்த உடல் அதற்கு இருக்கிறது. பழகிய கண்ணுக்கு அந்த உடலைப் பார்த்தாலே தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

நம் ஊர் மரத்தவளையின் அறிவியல் பெயர் பாலிபெடேட்டஸ் மாக்குலேட்டஸ். பெயர் புதிதாக இருந்தாலும் ஆள் தெரிந்தவர்தான். குளியலறை ஜன்னல் மேல், குழல்விளக்குச் சட்டத்தின் பின்னால், மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டிருக்குமே, வீட்டில் தேரை என்று சொல்வோமே, அதுதான். விரல் நுனிகளில் வட்டமான தட்டுகள் இருப்பதால் ஓடு பதித்த சுவரில்கூட வழுக்காமல் ஏறும்.

முட்டையிடும் காலத்தில் பெண் தவளை நீருக்கு மேலே ஓர் இடத்தைத் தேர்ந்து உட்காரும். ஆண் அதன் முதுகைப் பற்றியிருக்கும். பெண்ணின் உடலிலிருந்து பசைத்தன்மை உள்ள ஒரு திரவம் வெளிவரும். அதைத் தன் பின்னங்கால்களால், நாம் மோர் கடைவதைப் போல, அது விடாமல் கடையும். காற்று சேரச் சேரத் திரவம் நுரைத்துப் பெருகும். முட்டைகள் அதற்குள் பதியும். வெளிப்பக்கம் காற்றுப் பட்டு உலர்ந்து கெட்டியாகிவிடும். உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தத் தவளை கூடு கட்டும் முறையை விரிவாகக் கவனித்து 1999-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

முட்டையின் நிறத்தையும் கவனியுங்கள். திறந்த குட்டையில் மாலை மாலையாக முட்டையிடும் சொறித்தவளையின் முட்டை கறுப்பு. வெயில் நேராகப் படும் முட்டைக்கு அந்தக் கருமை காப்பு. மரத்தவளையின் முட்டை நுரைக்குள் மறைந்திருப்பதால் அதற்குக் கருமை தேவையில்லை; பாலாடை நிறத்தில் வெளிறி இருக்கும்.

சில நாட்களில் நுரை உள்ளிருந்து இளகும். மழை விழுந்தால் இன்னும் வேகமாகக் கரையும். குஞ்சுகள் நெளிந்து வழுக்கிக் கீழே உள்ள தண்ணீரில் ஒவ்வொன்றாக விழும். அந்த வேளையில் கழுத்தின் இருபக்கமும் செவுள் இழைகள் வெளியே நீண்டு தெரியும். சீக்கிரமே ஒரு தோல்மடிப்பு வளர்ந்து அவற்றை மூடிவிடும். உள்ளே போகும் தண்ணீர் வெளியேற ஒரே ஒரு வழி மிஞ்சும்: உடலின் இடப்பக்கத்தில் ஒரு சிறு குழல். வாயால் உள்ளிழுத்த தண்ணீர் செவுள்களைக் கடந்து, மூச்சுக்கும் உணவுக்கும் வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அந்தக் குழல் வழியே வெளியேறும். இதை மூச்சுத்துளை என்போம். அது எங்கே இருக்கிறது, வாயில் என்னென்ன இருக்கின்றன என்ற இரண்டையும் வைத்து, 1953-இல் கிரேஸ் ஆர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் உலகத்துத் தலைப்பிரட்டைகளையெல்லாம் நான்கு வகையாகப் பிரித்தார். இடப்பக்கத் துளையும் கொம்புப்பல்லும் உள்ள நம் மரத்தவளை நான்காம் வகை.

இப்போது திரையில் தெரிவது அதன் வாய். பலமடங்கு பெரிதாக்கிய படம். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் நன்றாகப் பாருங்கள்.

வாய் கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறது. உதடுகள் ஒரு வட்டத் தட்டாக விரிந்திருக்கின்றன. தட்டின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னச் சதைமொட்டுகள். மேலுதட்டின் நடுவில் மட்டும் அவை இல்லை. பரப்பைத் தடவி அறிய இந்த மொட்டுகள் உதவும். நடுவில் கறுப்பாகத் தெரிபவை இரண்டு அலகுகள். அவற்றின் ஓரம் ரம்பம்போல் இருக்கிறது. அலகுக்கு மேலும் கீழும் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரிகின்றன அல்லவா? ஒவ்வொரு கோடும் நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கும் பற்களின் வரிசை. மேலே நான்கு வரிசை, கீழே மூன்று வரிசை என்பது மரத்தவளைக் குடும்பத்தில் பரவலாகக் காணும் அமைப்பு. இவை எலும்புப் பற்கள் அல்ல. நம் நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே கெரட்டினால் ஆனவை. தேய்ந்த பல் விழுந்தால், அதன் அடியிலேயே அடுக்கி நிற்கும் அடுத்த பல் மேலே வரும்.

சாப்பிடும் முறையும் இந்த அமைப்பிலிருந்தே புரியும். உதட்டுத் தட்டு தொட்டிச் சுவரில் பதிகிறது. பல்வரிசைகள் பாசியைச் சீவிக் கிளப்புகின்றன. அலகு அதை வாரி உள்ளே தள்ளுகிறது. ஒரு விநாடிக்குள்ளேயே சிலமுறை இந்த அசைவு நடந்துவிடும். சுவரோரம் தலைப்பிரட்டைகள் செங்குத்தாக நின்று தலையை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது விளையாட்டு இல்லை, சாப்பாடு.

வயிற்றுத் தோல் வழியாகக் குடல் சுருள் சுருளாகத் தெரியும். பாசியையும் மக்கையும் செரிக்க நீளமான குடல் வேண்டும். கண்கள் உடலின் இரு ஓரங்களில் இருக்கின்றன. கீழிருந்து பார்த்தாலும் கண் தெரியும். தரையோடு ஒட்டி வாழும் தலைப்பிரட்டைகளுக்குக் கண் தலைமேல் இருக்கும். ஓரத்துக் கண் என்பது நடுநீரில் நீந்தும் வாழ்க்கையின் அடையாளம். வாலும் அதையே சொல்கிறது. மேலும் கீழும் உயர்ந்த துடுப்புச் சவ்வு, பின்னால் போகப்போகக் கூராக முடிகிறது. வாலில் எலும்பே கிடையாது. நடுவில் முதுகுநாண், இருபுறமும் அம்புமுனை வடிவில் அடுக்கிய தசைகள். தட்டானின் இளம்பருவம் தண்ணீருக்குள் ஒளிந்திருந்து பாய்ந்து கவ்வும். தலையைக் கவ்வினால் முடிந்தது. வால்சவ்வில் ஒரு துண்டு போனால் தலைப்பிரட்டை தப்பிவிடும். சவ்வும் மறுபடி வளரும். மழைக்காலக் குட்டைகளில் வால் பிய்ந்த தலைப்பிரட்டைகள் சகஜம்.

மேலிருந்து பார்க்கும்போது மரத்தவளையின் தலைப்பிரட்டையை அடையாளம் காண எளிய வழி ஒன்று இருக்கிறது. மூக்கு நுனியில் வெள்ளியாய் ஒரு சின்னப் பொட்டு. மங்கலான தொட்டித் தண்ணீரில்கூட அந்தப் பொட்டு பளிச்சென்று தெரியும். அடிக்கடி மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போவதையும் காணலாம். செவுள் இருக்கும்போதே இதற்கு நுரையீரலும் வேலை செய்கிறது. இலை மக்கிய, காற்றோட்டமில்லாத தொட்டித் தண்ணீரில் உயிர்வாழ இது அவசியம்.

இதே மழையில், இதே ஊரில் வேறு தண்ணீர்களும் இருக்கின்றன. வேறு உடல்களும் இருக்கின்றன. சாலையோரத்தில் சில வாரமே நிற்கும் குட்டையில் மைக்ரோஹைலா என்ற சிறுவாய்த் தவளையின் தலைப்பிரட்டை இருக்கும். கண்ணாடிபோல் உடல், பல் இல்லை, அலகு இல்லை, வாய் முன்னே திறந்திருக்கும், மூச்சுத்துளை வயிற்றின் அடியில் நடுக்கோட்டில். சீவித் தின்னும் பேச்சே இல்லை. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டிச் சாப்பிடும். சொறித்தவளையின் குஞ்சுகள் கறுப்பாக, கூட்டம் கூட்டமாகத் திரியும். உடன்பிறந்தவற்றை அவை அடையாளம் கண்டு சேர்கின்றன என்று தார்வாட் ஆய்வுகள் காட்டின. வயல்களில் ‘மாட்டுத்தவளை’ என்று சொல்லும் பெரிய தவளையின் தலைப்பிரட்டைக்கு அலகு தடித்து வளைந்திருக்கும். அது வேட்டைக்காரன். மற்றத் தலைப்பிரட்டைகளையும் விடாது, சொந்த இனத்தையும் விடாது.

சமவெளித் தலைப்பிரட்டைகளை முதன்முதலில் ஒழுங்காக வரிசைப்படுத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நெல்சன் அனன்டேல். மற்றவர் சி. ஆர். நாராயண ராவ். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் துறையை வளர்த்தவர். சற்றுமுன் சொன்ன ‘கரன்ட் சயின்ஸ்’ இதழின் முதல் ஆசிரியரும் அவரே. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளில் ஒரு பேரினத்துக்கு இன்று ராவோர்கெஸ்டெஸ் என்று பெயர். அவர் நினைவாக வைத்தது. அந்தப் பேரினத்துத் தவளைகளுக்குத் தண்ணீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முழு வளர்ச்சியும் முட்டைக்குள் முடிந்து குட்டித் தவளையாகவே வெளிவரும்.

மலைக்குப் போனால் தண்ணீர் மாறுகிறது, உடலும் மாறுகிறது. 2003-இல் பிஜு, பொசூய்ட் என்ற ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் அறிவித்த ஊதாத் தவளையை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். மண்ணுக்கடியில் வாழ்வதால் யார் கண்ணிலும் எளிதில் படாத தவளை. ஆனால் அதன் தலைப்பிரட்டையை அனன்டேலும் நாராயண ராவும் அதற்கும் 80 ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்துவிட்டார்கள். காட்டாற்று வெள்ளத்தில் பாறையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் வாய் அதற்கு. எந்தத் தவளையின் குஞ்சு என்று தெரியாமலே அந்த வாய் நூலில் இருந்தது. 2017-இல் இதன் நெருங்கிய உறவினம் ஒன்று திருவில்லிபுத்தூர் மலைச்சரிவில் கண்டறியப்பட்டு, நம் மாநிலத்து ஊர்வன ஆய்வாளர் சு. பூபதி பெயரைப் பெற்றது.

இண்டிரானா என்ற பேரினத்துத் தவளைகளின் தலைப்பிரட்டைகள் தண்ணீருக்குள்ளேயே இருப்பதில்லை. நீர் கசியும் பாறைமேல் ஒட்டி வாழும். பின்னங்கால் சீக்கிரமே முளைத்துவிடும். ஒல்லியான நீண்ட வாலை அடித்துப் பாறையில் தாவும். மைக்ரிக்சாலஸ் என்ற ‘நடனத் தவளை’களின் குஞ்சுகள் ஓடைப் படுகையின் மணலுக்குள் புதைந்து வாழ்கின்றன; கண்கள் தோலுக்கடியில் இருக்கும். மணலைத் துளைத்து நெளியும் அந்தத் தலைப்பிரட்டைகளுக்கு விலா எலும்புகள் இருப்பதை 2016-இல் பிஜு குழுவினர் வெளியிட்டார்கள்.

அதே 2016-இல் வந்த இன்னொரு செய்தி நம் ஊருக்கு நெருக்கமானது. டி. சி. ஜெர்டன் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவராக இருந்தவர். இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். டார்ஜிலிங் பக்கம் அவர் சேகரித்த ஒரு மரத்தவளைக்கு 1876-இல் அவர் பெயரையே சூட்டினார்கள். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதை யாரும் பார்க்கவில்லை. வடகிழக்கு மலைக்காடுகளில் மீண்டும் கிடைத்தபோதுதான் அதன் வாழ்க்கை தெரிந்தது. மரப்பொந்தில் தேங்கும் தண்ணீரில் அதன் குஞ்சுகள் வளர்கின்றன. அங்கே சீவித் தின்னப் பாசி எங்கே? தாய் திரும்பி வந்து கருவுறாத முட்டைகளை இட்டுப் போகிறது. குஞ்சுகளுக்கு அதுதான் உணவு. அந்த வாயில் பல்வரிசையே கிடையாது. மயிலாப்பூர்த் தொட்டியில் வாழும் உறவினருக்கு வாய் நிறையப் பல், பொந்தில் வாழும் இதற்கு ஒன்றுகூட இல்லை. ஒரே குடும்பம், தண்ணீர்தான் வேறு.

உருமாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவிலிருந்து குட்டித் தவளை வரை 46 கட்டங்களாக 1960-இல் காஸ்னர் என்பவர் வகுத்த அட்டவணையை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். பின்னங்கால் முதலில் மொட்டு விட்டு வெளியே வளரும். முன்னங்கால்கள் தோல்மடிப்புக்குள் மறைந்தே வளர்ந்து, 42-ஆம் கட்டத்தில் சட்டென்று வெளிப்படும். இடக்கை பெரும்பாலும் மூச்சுத்துளை வழியாகவே வரும். வலக்கை தோலைக் கிழித்துக்கொண்டு வரும். அந்த நாட்களில் பல்லும் அலகும் உதிர்ந்துவிடும். அதனால் சாப்பிட முடியாது. வால்தான் கரைந்து உணவாகிறது. நீண்ட குடல் சுருங்கிப் பூச்சி தின்னும் குடலாகிறது. இதையெல்லாம் ஏவுவது தைராய்டு சுரப்பு. 1912-இல் குடர்நாட்ச் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தார். அவை காலத்துக்கு முன்பே தவளைகளாயின.

இனி சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. புவனேசுவரத்தில் உத்கல் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடி. ஒடிசி நடனம் நாட்டின் பிற பகுதிகளுக்கு அதிகம் அறிமுகமாகாத 1950-களில் அதைத் தில்லி மேடையில் ஆடிக் காட்டியவர். நம் ஊர் மரத்தவளையின் வாழ்க்கை வரலாற்றை 1988-இல் முழுமையாக எழுதியவர்களில் அவரும் ஒருவர். 1992-இல் அவரும் குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு தவளை இனத்தின் தலைப்பிரட்டை வாலை வெட்டி, வைட்டமின் ஏ கலந்த நீரில் வைத்தபோது, வெட்டிய இடத்தில் வால் வளரவில்லை. கால்கள் வளர்ந்தன. முதுகெலும்பு உள்ள ஓர் உயிரில், ஓர் உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் முற்றிலும் வேறோர் உறுப்பு முளைத்ததைக் காட்டிய ஆய்வு அது. உலகின் வளர்ச்சியியல் ஆய்வகங்கள் திரும்பிப் பார்த்தன. 1994-இல் அதே விளைவை நம் பாலிபெடேட்டஸ் மாக்குலேட்டஸிலும் காட்டினார்கள். உடலின் எந்த இடத்தில் எது வளர வேண்டும் என்பதைச் செல்கள் எப்படி அறிகின்றன என்ற பெருங்கேள்விக்கு, நாம் துடைப்பத்தால் தட்டிவிடும் நுரைக்குள் இருக்கும் உயிர் சாட்சி சொல்லியிருக்கிறது.

இந்தத் தலைப்பிரட்டைகளுக்கு நம் நகரில் இன்று என்ன தண்ணீர் இருக்கிறது? தியாகராய நகர் எழுந்ததே 1920-களில் வற்றவைத்த நெடுங்குளத்தின் படுகையில்தான். மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலையின் பெயரில் மட்டும் அந்த ஏரி மிஞ்சியிருக்கிறது. ஏரி போனபின் வீட்டுக் கிணறுகள் இருந்தன. தனிவீடுகள் இடிந்து அடுக்ககங்கள் வந்தபோது கிணறுகளும் தூர்ந்தன. கிண்டிக் காட்டிலும் ஐஐடி வளாகத்திலும் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் மரத்தவளைக்கு இடம் இருக்கிறது. மற்ற இடங்களில் அது மொட்டைமாடி அல்லித் தொட்டியையும், கட்டடவேலை நடக்கும் மனையில் செங்கல் நனைக்கும் தொட்டியையும் நம்பி வாழ்கிறது. சுவரும் தண்ணீரும் சேர்ந்திருந்தால் போதும் என்று வாழப் பழகிய உயிர் என்பதால்தான் இன்னும் நம்மோடு இருக்கிறது.

கொசு வருமே, டெங்கு வருமே என்று இந்நேரம் பலர் மனத்தில் கேள்வி எழுந்திருக்கும். நியாயமான கேள்வி. குடிநீர்த் தொட்டியும் சம்ப்பும் இறுக மூடியிருக்க வேண்டும். பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டியின் அடித்தட்டு இவற்றில் நீர் நிற்கக் கூடாது. அதில் நான் எந்தச் சமரசமும் சொல்லவில்லை. ஆனால் அல்லித் தொட்டியில் தலைப்பிரட்டை இருந்தால் அதைக் கொசுவோடு சேர்த்துக் கொட்டிவிடாதீர்கள். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், டெங்குக் கொசுவின் முட்டைகளைத் தலைப்பிரட்டைகள் தின்பதைக் காட்டினார்கள். சோதித்த இனங்களில் நம் மரத்தவளையின் இலங்கை உறவினமும் இருந்தது. சுவரைச் சீவித் தின்னும் வாய்க்குச் சுவரில் ஒட்டிய முட்டை எம்மாத்திரம்? கொசுப்புழுக்கள் நெளிவது தெரிந்தால் சிறு வலையால் அரித்து எடுத்துவிடுங்கள். கம்பூசியா மீனை மட்டும் தொட்டியில் விட வேண்டாம். 1928-இல் கொசுவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்த அந்த வெளிநாட்டு மீன், தலைப்பிரட்டைக் குஞ்சுகளையும் கடித்துத் தீர்த்துவிடும்.

தண்ணீர் மாற்ற வேண்டுமென்றால் மொத்தமாகக் கொட்டாமல் பாதியை முகந்து எடுத்து, ஒருநாள் வெளியே வைத்திருந்த தண்ணீரை ஊற்றுங்கள். குழாய் நீரின் குளோரின் செவுளுக்கு ஆகாது. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் நான்கு காலும் வந்துவிடும். அப்போது செவுள் மறைந்து நுரையீரல் ஒன்றே துணை என்பதால், ஏறி உட்கார இடம் இல்லாவிட்டால் குட்டித் தவளை மூழ்கிச் செத்துப்போகும். பின்னங்காலை நன்றாக மடக்கி நீட்டத் தொடங்கியதுமே, தொட்டியின் அடியிலிருந்து விளிம்பைத் தாண்டும்படி ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள்; பனைமட்டையோ தென்னை ஈர்க்குக் கட்டோ இருந்தாலும் சரி. இரவில் ஏறி வெளியே போய்விடும்.

படங்கள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகள் மேசைப்பக்கம் வந்து பார்க்கலாம். கேள்விகளை அங்கேயே கேட்கலாம்.